ஓய்வுக்காலத்தில் டிஜிட்டல் ஓவியம்: முதல் கோட்டிலிருந்து முதல் படம் வரை

ஜப்பானைச் சேர்ந்த தத்சுவோ ஹோரியுச்சிக்குப் பணி ஓய்வுக்காலத்தில் ஓவியம் வரைய ஆசை வந்தது. ஓவியத்துக்கென்றே உள்ள மென்பொருள்களின் விலை அதிகமாகப் பட்டது. அதனால் கணினியில் ஏற்கெனவே இருந்த எக்செல்லைத் திறந்தார். கணக்குப் போடுவதற்கான அந்த மென்பொருளில் கோடும் வடிவமும் போடுகிற வசதியை மட்டும் வைத்துக்கொண்டு மலைகளையும் மரங்களையும் செர்ரிப் பூக்களையும் வரைந்து பழகினார். 2006-இல் எக்செல் ஓவியங்களுக்காக நடந்த போட்டியில் பரிசும் வாங்கினார்.

உங்களையும் எக்செல்லில் வரையச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த டேப்லெட் வாங்கலாம், எந்தச் செயலி சிறந்தது என்று விசாரித்துக்கொண்டே மாதக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு வாரம் விசாரியுங்கள், போதும். இந்தக் கலையில் முதலில் பழக வேண்டியது கண். அடுத்தது கை. கருவிக்கு மூன்றாவது இடம்தான். ஆனால் கருவி இல்லாமல் தொடங்க முடியாது என்பதால் அந்தப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம்.

கருவி

கையில் இருக்கும் போனிலேயே தொடங்கலாம். 1937-இல் பிறந்த ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் ஐபோனில் விரலால் வரைய ஆரம்பித்தார். திரையே ஒளி தருவதால், அறை விளக்கைப் போடாமல் படுக்கையில் இருந்தபடியே சூரிய உதயத்தை வரைய முடிந்தது அவருக்கு. 2010-இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். 2011-இல் கிராமப்புறச் சாலையொன்றில் வசந்தம் வருவதை ஐபேடில் தொடர்ச்சியாக வரைந்தார். அந்தப் படங்கள் மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் பெரிய அளவில் அச்சிடப்பட்டுக் காட்சிக்கு வந்தன. ஆகவே போனில் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, இரண்டு வாரம் விரலால் கிறுக்கிப் பாருங்கள். ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்துவிடும். நிலைத்தால் வாங்குங்கள்.

வாங்குவதென்றால் பெரும்பாலோருக்கு நான் சொல்வது பேனாவோடு கூடிய டேப்லெட். திரை பத்து அங்குலமாவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் கருவிப்பட்டைகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், கண்ணுக்கும் சிரமம். கடையில் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேனா அழுத்தத்தை உணருமா என்பது. மெல்ல வைத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. இது இல்லாவிட்டால் கோட்டில் உயிர் இருக்காது. எந்தத் தொடுதிரையிலும் வேலை செய்யும் என்று விற்கிற ரப்பர் முனைப் பேனாக்கள் அழுத்தத்தை உணராது. ஆப்பிள் பென்சிலிலும் கவனம் வேண்டும். 2023-இல் வந்த யுஎஸ்பி-சி வகைப் பென்சில் விலை குறைவு, ஆனால் அதற்கு அழுத்த உணர்வு கிடையாது. எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடுக்கும் பொருந்தாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சோதித்து வாங்குங்கள். சாம்சங் டேப்லெட்டுகளின் எஸ் பென், வரைவதற்கு சார்ஜ் கேட்பதில்லை. மறதிக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. இரண்டாவது கேள்வி, உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அது கோடாக விழுகிறதா என்பது. விழக்கூடாது. கடையிலேயே கையை நன்றாக ஊன்றி நாலு கோடு போட்டுப் பாருங்கள்.

வீட்டில் நல்ல கணினி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. திரை இல்லாத, கறுப்புப் பலகை போன்ற பேனா டேப்லெட். வாகாம், ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. மேசையில் இருக்கும் பலகையில் கை வரையும், கண் எதிரே உள்ள திரையைப் பார்க்கும். முதல் சில நாட்கள் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று எரிச்சலாக இருக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பழகிவிடும். கழுத்து வலி உள்ளவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன், ஏனென்றால் குனியவே வேண்டாம். திரையோடு வரும் பெரிய வரைபலகைகள் இப்போது வேண்டாம்.

செயலி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கணினி என்றால் கிரிட்டா. முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. ஐபேட் என்றால் புரோகிரியேட்; ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் ஐபிஸ் பெயின்ட் அல்லது ஸ்கெட்ச்புக். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றைக் குறைந்தது மூன்று மாதம் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு செயலியிலும் நூற்றுக்கணக்கில் பிரஷ்கள் இருக்கும். அவற்றில் இரண்டு போதும்: ஓரம் கூர்மையான வட்டப் பிரஷ் ஒன்று, ஓரம் மங்கிய பிரஷ் ஒன்று. இலை பிரஷ், மேக பிரஷ், புல் பிரஷ் எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இலையை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய வேலையை அந்தப் பிரஷ் எடுத்துக்கொண்டுவிடும்.

உட்காருவதற்கு முன்

டேப்லெட்டை மேசையில் தட்டையாகப் போட்டு வரையாதீர்கள். சாய்வான தாங்கியில் வைத்தால் கழுத்து தப்பிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. கட்டைவிரல் மூட்டில் வலி இருந்தால் பேனாவுக்குத் தடித்த ரப்பர் பிடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய்ப் பேனா அழுத்தத்தை மென்மையாக்குங்கள். அப்போது குறைவாக அழுத்தினாலே முழு அடர்த்தியில் கோடு விழும். பலர் இந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. மணிக்கட்டு நோகும்படி அழுத்தி வரைந்துவிட்டு, வயதின் மேல் பழி போடுகிறார்கள்.

நிறம் சம்பந்தமாக ஒன்று. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் பலர் நிரந்தரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். வரையும்போது அதை அணைத்துவிடுங்கள். சுற்றுவெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானாக நிறம் மாற்றும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரவில் சரியாகத் தெரிந்த வானம் காலையில் வேறு நிறத்தில் இருக்கும்.

நம் கண்ணிலேயே இதே போன்ற ஒரு வடிகட்டி உண்டு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது. நீல ஒளி குறைவாக உள்ளே வருகிறது. கண்புரை வந்தால் இது இன்னும் கூடும். ஓவியர் மோனேவுக்கு 1923-இல் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் வரைந்த படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். நிறக்குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயரையும், பலகையில் நிறங்களை வைத்த வரிசையையும் நம்பி வரைய வேண்டிய நிலை அவருக்கு. நமக்கு எண்கள் இருக்கின்றன. எல்லாச் செயலியிலும் நிறத்தை எண்ணாகக் காட்டும் பகுதி உண்டு. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறவட்டத்தில் சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நீலமா பச்சையா என்று சந்தேகம் வந்தால் எண்ணைப் பாருங்கள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு உலகம் திடீரென்று நீலம் கூடித் தெரியும். பழைய படங்களைத் திறந்து பார்த்துத் திருத்த அது நல்ல சமயம்.

முதல் இரண்டு வாரம்

படம் வேண்டாம், கோடு மட்டும். தினமும் அரை மணி நேரம் போதும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், சாய்வு என்று நீளக் கோடுகள். இரண்டு புள்ளிகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே மூச்சில் இழுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கோடு வளையும். முழங்கையும் தோளும் சேர்ந்து நகரட்டும். பிறகு வட்டங்கள், நீள்வட்டங்கள். பிறகு ஒரே கோட்டை மெலிதாக ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி மெலிதாக முடிப்பது. இந்தக் கடைசிப் பயிற்சியில்தான் பேனா உங்கள் கைக்கு வசப்படும்.

கை நடுங்குகிறவர்களுக்கு இந்த ஊடகம் ஒரு வரம் என்றே சொல்வேன். கோட்டை நிலைப்படுத்தும் வசதி எல்லா நல்ல செயலியிலும் இருக்கிறது. கிரிட்டாவில் ஸ்டெபிலைசர், புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன், ஸ்டெபிலைசேஷன் என்று இருக்கும். அதைக் கூட்டினால் பேனாவுக்குச் சற்றுப் பின்னால் கோடு வரும். நடுக்கம் சமமாகி, கோடு சீராக விழும். நடுக்கம் அதிகம் என்றால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நடுக்கம் இல்லாதவர்கள் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. மிகவும் வழவழப்பான கோடு இயந்திரத்தனமாகத் தெரியும்.

அன்டூ பற்றிச் சொல்லியாக வேண்டும். பல டேப்லெட் செயலிகளில் இரண்டு விரலால் ஒரு தட்டு, கணினியில் கன்ட்ரோல்-இசட். போட்ட கோடு மறைந்துவிடும். பயத்தைப் போக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஒரே கோட்டை முப்பது தடவை அழித்து அழித்துப் போடுகிற பழக்கமும் இதனால்தான் வருகிறது. மூன்று முறை போட்டுப் பாருங்கள். மூன்றாவது கோடு எப்படி வந்தாலும் அதை வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

கிரிட்டாவில் வரைகிறவர்கள் நாலு விசைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இ (E) அடித்தால் அழிப்பான், எம் (M) அடித்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திரும்பும், டேப் அடித்தால் கருவிப்பட்டைகள் மறைந்து படம் மட்டும் நிற்கும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு படத்தைத் தொட்டால் அந்த இடத்து நிறம் பிரஷுக்கு வந்துவிடும்.

லேயர்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வரைந்து மேலிருந்து பார்ப்பது போன்றது லேயர். அடித்தாளில் வானம், அதன்மேல் மலை, அதன்மேல் மரம். மரம் பிடிக்கவில்லையா, அந்தத் தாளில் மட்டும் அழிக்கலாம். மலைக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு லேயருக்கும் பெயர் வையுங்கள். தொடக்கத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். நிறம் விழவே மாட்டேன் என்கிறது, பிரஷ் கெட்டுவிட்டது என்று தோன்றினால் பதற வேண்டாம். அனேகமாக வேறு லேயரில் நிற்பீர்கள், அல்லது அந்த லேயர் பூட்டப்பட்டோ மறைக்கப்பட்டோ இருக்கும். முதலில் லேயர் பட்டியலைப் பாருங்கள்.

முதல் படம்: ஒரு சிவப்புப் பந்து

எளிமையாகத் தெரிகிறதே என்று தாண்டிவிடாதீர்கள். ஒளி, நிழல், நிறம் மூன்றையும் ஒரு பந்து சொல்லித்தந்துவிடும். சிவப்போ வேறு நிறமோ, ஒரே நிறத்தில் பளபளப்பில்லாத பந்து ஒன்றை வெள்ளைத் தாளின் மேல், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். பேனாவைத் தொடாமல் ஐந்து நிமிடம் பந்தையே பாருங்கள்.

முதலில் சிவப்பு மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் பல சிவப்புகள் தெரிய ஆரம்பிக்கும். ஜன்னல் பக்கம் வெளிறிய சிவப்பு. நடுவில் பந்தின் சொந்த நிறம். அதைத் தாண்டி இருள் தொடங்குகிறது. ஆனால் மிக இருண்ட இடம் பந்தின் மறுவிளிம்பு அல்ல. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு பட்டையாக நிற்கும். விளிம்பில், குறிப்பாக அடிப்பக்கம், லேசாக வெளுத்திருக்கும். வெள்ளைத் தாளில் பட்ட ஒளி திரும்பி அங்கே ஏறுகிறது. இப்போது தாளைப் பாருங்கள். பந்து தொடும் இடத்தில் நிழல் மிகக் கறுப்பு. விலக விலக மங்கி, ஓரம் கலைகிறது. பந்தை ஒட்டிய தாளில் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். இத்தனையும் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. 2000 × 2000 பிக்சலில் (திரைப் படத்தின் நுண்புள்ளிகள்) புதிய கோப்பு திறந்து, பின்னணி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள். வெள்ளைப் பின்னணியில் எல்லா நிறமும் இருட்டாகத் தோன்றி ஏமாற்றும்.

2. புதிய லேயரில் பந்தின் நடுநிறத்தால் ஒரு வட்டம். புரோகிரியேட்டில் வட்டத்தை முடித்த இடத்தில் பேனாவை எடுக்காமல் நிறுத்தினால் அது தானே சீராகிவிடும். மற்றவற்றில் வட்டக் கருவி இருக்கும். உள்ளே நிரப்புங்கள்.

3. அந்த லேயருக்கு ஆல்ஃபா லாக் போடுங்கள். இனி என்ன தீட்டினாலும் வட்டத்துக்கு வெளியே போகாது.

4. கூரிய ஓரமுள்ள பெரிய பிரஷால் இருட்டுப் பகுதியைத் தீட்டுங்கள். இங்கே கறுப்பை எடுக்காதீர்கள். நடுநிறத்திலிருந்து இருட்டை நோக்கி இறக்கி, நிறவட்டத்தில் கொஞ்சம் ஊதாப் பக்கம் நகர்த்துங்கள். கறுப்புக் கலந்த நிழல் அழுக்குப் போலத் தெரியும்.

5. வெளிச்சப் பகுதியைத் தீட்டுங்கள். இப்போது மூன்று நிறத்தில் மூன்று துண்டாக நிற்கும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் நிறத்தை எடுத்து, பாதி ஒபாசிட்டியில் (அடியில் உள்ள நிறம் பாதி தெரியும்படி) தீட்டி, புதிதாக வந்த இடைநிறத்தை மறுபடி எடுத்துத் தீட்டுங்கள். துண்டுகள் மெல்லக் கலந்து உருண்டு வரும். தேய்க்கும் கருவியை எடுத்து இழுத்தால் வேகமாக முடியும். ஆனால் பந்து மெழுகு போல ஆகிவிடும்.

6. பந்துக்குக் கீழே ஒரு லேயர் போட்டுத் தாளையும், அதன்மேல் விழும் நிழலையும் வரையுங்கள். நிழலின் தொலைவு ஓரத்துக்கு மட்டும் மங்கிய பிரஷ்.

7. அடிவிளிம்பில் திரும்பி வரும் வெளிச்சம். இது வெளிச்சப் பக்கத்தில் உள்ள எந்த நிறத்தையும் விட இருட்டாகவே இருக்க வேண்டும். கூடிவிட்டால் பந்துக்குள் விளக்கு எரிவது போலிருக்கும்.

8. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டுக் கறுப்பால் நிரப்பி, அதன் கலவை முறையை (கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் விதம்) ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்போதும் பந்து உருண்டையாகத் தெரிந்தால் ஒளி-நிழல் சரி. தட்டையாகத் தெரிந்தால் இருட்டை இன்னும் ஆழமாக்குங்கள். சோதித்த பிறகு அந்த லேயரை மறைத்துவிடுங்கள்.

இந்தப் படத்தை ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. மறுநாள் திறந்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேற்று தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும்.

பெரிதாக்கிப் பார்ப்பது

ஹால் லாஸ்கோ என்ற அமெரிக்கர் கையாலேயே எழுத்துருவும் வடிவமும் வரைந்து வாழ்ந்தவர். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தார் அவருக்கு மைக்ரோசாஃப்ட் பெயின்டைக் காட்டினார்கள். விழித்திரை நோயால் பார்வை மங்கியிருந்தும், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பிக்சல் பிக்சலாக வைத்து வரைந்தார். 2014-இல், 98 வயதில் காலமானார். பார்வை குறைந்தவர்கள் காகிதத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வசதி இது.

பார்வை நன்றாக உள்ளவர்களுக்கு நான் சொல்வது நேர்மாறானது. படம் பாதி முடியும்வரை பெரிதாக்கவே வேண்டாம். முழுப்படமும் திரையில் தெரியும்படி வைத்து, பெரிய பிரஷால் பெரிய பகுதிகளை முடியுங்கள். கண்ணிமை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு விலகிப் பார்த்தால் முகமே கோணியிருக்கும் சங்கடம் இதனால்தான் வருகிறது.

பந்துக்குப் பிறகு

ஒரு கோப்பை, ஒரு செருப்பு, மடித்துப் போட்ட துணி, ஜன்னலில் தெரியும் மரம் என்று நேரில் பார்த்து வரையுங்கள். பிறகு நீங்களே எடுத்த புகைப்படங்கள். புகைப்படத்தின்மேல் ஒரு லேயர் போட்டு அப்படியே படியெடுக்கலாமா என்று பலர் கூச்சத்தோடு கேட்பார்கள். பழகுவதற்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வாரத்தில் பாதி நாளாவது பார்த்து வரையுங்கள், இல்லையென்றால் கண் பழகாது. அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைந்தால் அதைச் சொல்லிவிட்டே மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.

நிறம் பழக ஒரு நல்ல வழி உண்டு. புகைப்படத்தில் ஓரிடத்தைப் பார்த்து, அந்த நிறத்தை நிறவட்டத்தில் நீங்களாக ஊகித்துத் தீட்டுங்கள். அதற்குப் பிறகே நிறமெடுப்பானால் தொட்டு உண்மையான நிறத்தைப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளைச் சட்டையின் நிழல் எவ்வளவு நீலமாக இருக்கிறது, பச்சை இலையில் எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும். ஒரு படத்துக்குப் பத்து நிறம் இப்படிச் செய்தால், ஓரிரு மாதத்தில் ஊகம் உண்மையை நெருங்கி வருவது உங்களுக்கே தெரியும்.

சேமிப்பும் அச்சும்

செயலியின் சொந்த வடிவில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். அதில்தான் லேயர்கள் அப்படியே இருக்கும். மற்றவர்களுக்கு அனுப்ப பிஎன்ஜி அல்லது ஜேபெக் என்ற பொதுவான பட வடிவம். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து திருத்திச் சேமித்தால் படம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், அதனால் அதில் திருத்த வேண்டாம். புரோகிரியேட் போன்ற டேப்லெட் செயலிகளில் படங்கள் செயலிக்குள்ளேயே இருக்கும். செயலியை நீக்கினாலோ டேப்லெட் பழுதானாலோ அத்தனையும் போய்விடும். மாதம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கணினிக்கோ கிளவுடுக்கோ நகலெடுங்கள்.

அச்சிட்டுச் சட்டம் போட நினைத்தால் வரைய ஆரம்பிக்கும்போதே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஏ4 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். சிறிதாக வரைந்துவிட்டுப் பின்னால் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கிவிடும். டேப்லெட்டில் அளவு கூடக்கூட, கிடைக்கும் லேயர்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. அதனால் அச்சில் படம் இருண்டே வரும். பளீரென்ற நீலமும் பச்சையும் மங்கும். அச்சுக்கான பிரதி ஒன்றை எடுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, முதலில் சிறிய தாளில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்தி, பிறகு பெரிய அளவுக்குக் கொடுங்கள்.